மலையகத்தின் பாறைக்கு ஒரு வயது, உயரத்துக்கு வேறு வயது

இலங்கை மலையகத்தின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவுக்கு எத்தனை வயது என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. அந்த மலையின் கல் இன்றைய உருவத்தை அடைந்து ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதே கல் கடல் மட்டத்துக்கு மேல் 2,524 மீற்றரில் தலைநிமிர்ந்து நிற்பதோ மிகவும் பிந்திய கதை. மடிப்பு மலை, பிண்ட மலை, எரிமலை, எஞ்சிய மலை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர்களில் எதற்குள் நம் மலைகளை அடைப்பது என்று மாணவர்கள் திணறுவதற்குக் காரணம் இதுதான். கல் உருவான விதத்தைப் பார்த்தால் ஒரு பெயர் பொருந்துகிறது, உயரம் வந்த விதத்தைப் பார்த்தால் வேறொன்று பொருந்துகிறது. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

முதலில் கல் உருவான விதம். அதற்குப் புவியோட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பூமியின் மையம் நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அதில் புவியோடு என்று நாம் சொல்வது மிக மெல்லிய மேற்பகுதி மட்டுமே. கண்டங்களின் கீழ் அதன் தடிப்பு பொதுவாக 30 முதல் 40 கிலோமீற்றர். சமுத்திரங்களின் அடியில் 6 அல்லது 7 கிலோமீற்றர்தான். இமயமலை, திபெத் பகுதிகளில் மட்டும் 70 கிலோமீற்றரைத் தொடுகிறது. ஓட்டுக்குக் கீழே இருப்பது மூடகம். ஓடும், அதன் அடியில் ஒட்டியிருக்கும் மூடகத்தின் குளிர்ந்த மேற்பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தடிப்புள்ள விறைப்பான பலகையாக நகர்கின்றன. இதைத்தான் புவித்தகடு என்கிறோம்.

மூடகம் முழுவதும் கொதிக்கும் எரிகுழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நிலநடுக்கத்தின்போது எழும் அலைகளில் ஒருவகை திரவத்துக்குள் செல்லாது. அந்த அலை மூடகத்துக்குள் தடையின்றிச் செல்கிறது. ஆகவே மூடகம் திண்மப் பாறைதான். ஆனால் மிகுந்த வெப்பத்தில் இருப்பதால், இலட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மெல்ல மெல்ல இழுபட்டு நகரக்கூடியது. எரிகுழம்பு சில இடங்களில், சில நிபந்தனைகளில் மட்டுமே உண்டாகிறது.

தகடுகளை நகர்த்துவது எது? பூமி பிறந்தபோதே உள்ளே தங்கிய வெப்பமும், யுரேனியம், தோரியம், பொற்றாசியம் போன்ற மூலகங்கள் சிதைவதால் வரும் வெப்பமும் வெளியேற வழி தேடுகின்றன. சமுத்திர நடுவில் புதிய ஓடு உருவாகிறது. அது விலகிப் போகப்போகக் குளிர்ந்து, கனம் கூடி, கடைசியில் மூடகத்துக்குள் அமிழ்கிறது. அமிழும் அந்த ஓரம் தன் பின்னால் இருக்கும் முழுத் தகட்டையும் இழுக்கிறது. இந்த இழுப்பே முதன்மையான விசை. வேகம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர். ஆண்டுக்கு 5 சென்ரிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 10 இலட்சம் ஆண்டுகளில் 50 கிலோமீற்றர், 5 கோடி ஆண்டுகளில் 2,500 கிலோமீற்றர். மலை உருவாவதைப் புரிந்துகொள்ள இந்தப் பெருக்கல் கணக்கு மனத்தில் நின்றாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டு கண்டங்கள் மோதும்போது

சமுத்திரத் தகடு கனமானது, எனவே மோதும்போது அமிழ்ந்துவிடும். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் நஸ்கா தகடு இப்படித்தான் கண்டத்தின் கீழ் போகிறது. அமிழும் தகட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள மூடகப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அங்கே எரிகுழம்பு உண்டாகிறது. அந்தீஸ் மலைத்தொடரில் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் அதுவே. சுமாத்திரா, யாவாத் தீவுகளின் எரிமலைகளும் இந்த வகை.

கண்டமும் கண்டமும் மோதினால் நடப்பது வேறு. கண்ட ஓட்டின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.7 முதல் 2.8 கிராம். மூடகத்தினது 3.3 கிராம். இலேசான கண்டம் கனமான மூடகத்துக்குள் எளிதில் அமிழாது. பின்னாலிருந்து தள்ளும் விசையும் நிற்பதில்லை. எனவே ஓடு குறுகுகிறது, குறுகிய அளவுக்குத் தடிக்கிறது. மேற்பகுதியில் குளிர்ந்த பாறை உடைந்து, ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறிப் படிகிறது. 15 கிலோமீற்றர் ஆழத்துக்கும் கீழே வெப்பம் அதிகம். அங்கே பாறை உடையாமல் வளைந்து மடிகிறது. தடித்த ஓடு மேலே எழும்பும் அளவைவிடப் பல மடங்கு கீழ்நோக்கியும் இறங்குகிறது. உயர்ந்த மலைத்தொடர் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆழமான வேர் உண்டு.

இந்தியத் தகடு ஆண்டுக்கு 15 சென்ரிமீற்றர் வேகத்தில்கூட வடக்கே ஓடிய காலம் இருந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியபின் வேகம் 5 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைந்தது. ஆனால் இன்றும் நிற்கவில்லை. 8,848.86 மீற்றர் உயரமுள்ள எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிரிகளின் சுவடுகள் இருக்கின்றன. இரு கண்டங்களுக்கும் நடுவில் கிடந்த கடலின் அடித்தளம் அது.

பிண்ட மலைகள் வேறு வழியில் வருகின்றன. ஓடு இழுபட்டு நேர்ப் பிளவுகளாக வெடித்து, ஒரு துண்டு இறங்க, பக்கத்துத் துண்டு உயரமாக நின்றுவிடுகிறது. நம் மலையகத்தைப் பற்றிய ஒரு விவாதத்தில் இந்த வகை மீண்டும் வரும்.

நம் காலடிக் கல்

இலங்கை நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல், கரையோர மணல் போன்றவைதான் மிச்சம். இந்தப் பழைய பாறைகளைப் புவியியலாளர்கள் மேட்டுநிலத் தொகுதி, விஜயன் தொகுதி, வன்னித் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி என்று பிரித்திருக்கிறார்கள். நுவரெலியா, அட்டன், அப்புத்தளை, பதுளை எல்லாம் மேட்டுநிலத் தொகுதிக்குள் வருகின்றன. கிழக்கு எல்லையில் இத்தொகுதி விஜயன் தொகுதியின் மேல் ஏறிப் படிந்திருக்கிறது. மோதலின் தடயம் அந்த எல்லையில் அப்படியே இருக்கிறது.

மலையகத்தில் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை வெட்டுமுகத்தில் உற்றுப் பாருங்கள். வெளிர், கரும் பட்டைகள் மாறிமாறி வரும். வெளிர்ப் பட்டை குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும். கரும்பட்டையில் காக்காப்பொன் எனும் மைக்காவும் வேறு கனிமங்களும் இருக்கும். இது நைஸ் பாறை. பட்டை தெளிவில்லாமல், உடைத்த முகத்தில் பச்சை கலந்த பழுப்பு நிற எண்ணெய்ப் பளபளப்புத் தெரிந்தால் அது சார்ணோக்கைற்று. பல இடங்களில் குன்றிமணி நிறத்தில் சின்னச்சின்னச் சிவப்புப் பொட்டுகள் தெரியும். அவை கார்னெட். இந்தச் சேர்க்கைகள் 700 முதல் 900 பாகை செல்சியஸ் வெப்பத்திலும், 20 முதல் 35 கிலோமீற்றர் ஆழத்துக்குரிய அழுத்தத்திலும் விளைபவை. கனிமங்களின் இரசாயன அமைப்பிலிருந்து இதைக் கணக்கிட முடியும். ஒரு தேயிலை மலையின் ஓரத்தில் கார்னெட் பொட்டு வைத்த பாறை ஒன்று வெளியே தெரிகிறது என்றால், அது ஒரு காலத்தில் பல பத்துக் கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தது என்று பொருள்.

இன்னொரு சான்று தோட்டங்களிலேயே மூட்டைகளில் வந்து இறங்குகிறது. செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் காலத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தேயிலைச் செடிகளுக்கு டொலமைற் போடுவார்கள். கண்டி, மாத்தளைப் பக்கங்களில் நைஸ் பாறைகளுக்கு நடுவே நீண்ட பட்டைகளாகக் கிடக்கும் பளிங்குப் பாறையை வெட்டி அரைத்த தூள் அது. பளிங்கு என்பது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் படிவது. அதோடு சேர்ந்து வரும் குவார்ட்சைற்றுப் பட்டைகள் பழைய மணல், கார்னெட் நிறைந்த நைஸ் பட்டைகள் பல பழைய களிமண். கடலோரத்தில் கிடந்த மணலும் சேறும் சுண்ணாம்பும் 30 கிலோமீற்றர் ஆழத்துக்குள் போய் வெந்து மடிந்தது எப்படி? கண்டங்கள் மோதினால்தான் அது நடக்கும்.

மோதல் நடந்த காலம் ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது கண்டத் துண்டுகள் ஒன்றோடொன்று முட்டி, ‘கொண்டுவானா’ என்ற பெருங்கண்டம் சேர்ந்துகொண்டிருந்தது. இலங்கை இருந்த இடம் தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகியவற்றின் நடுவில். அந்த மூன்று இடங்களிலும் நம்முடையதைப் போன்ற பாறைகளே இன்றும் கிடைக்கின்றன. இன்றைய இமயத்தைப் போன்றதொரு மலைத்தொடரின் ஆழமான அடிப்பகுதிதான் நம் மலையகத்தின் கல்.

மேலே இருந்தது எங்கே போயிற்று?

30 கிலோமீற்றர் தடிப்புள்ள பாறை மேலிருந்து நீங்கியிருந்தால்தான் இந்தக் கல் வெளியே தெரிய முடியும். புதிதாகப் படிக்கிறவர்கள் சந்தேகப்படும் இடம் இது. 30 கிலோமீற்றர் உயரமான மலை பூமியில் எப்போதுமே இருந்ததில்லையே என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. விடை மிதப்பில் இருக்கிறது.

ஒரு வாளித் தண்ணீரில் மெல்லிய பலகைத் துண்டுகள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி மிதக்க விடுங்கள். மேலே எவ்வளவு தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, மேல்பலகை ஒன்றை எடுத்துவிடுங்கள். அடுக்கு முழுவதும் சற்று மேலெழும்பும். எடுத்த பலகையின் தடிப்பளவுக்கு அதன் உச்சி தாழாது, அதில் ஒரு பங்குதான் தாழும். புவியோடும் மூடகத்தின் மேல் அப்படித்தான் அமர்ந்திருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஓட்டின் அடர்த்தி 2.8, மூடகத்தினது 3.3. 2.8ஐ 3.3ஆல் வகுத்தால் 0.85. அதாவது மழையும் ஆறும் சேர்ந்து 1,000 மீற்றர் பாறையைக் கழுவிக் கொண்டுபோனால், சுமை குறைந்த ஓடு 850 மீற்றர் எழும்பும். நிலத்தின் உயரம் உண்மையில் குறைவது 150 மீற்றர் மட்டுமே. இந்த வீதத்தில் 30 கிலோமீற்றர் கழுவப்பட்டால் நிலம் தாழ்வது 4.5 கிலோமீற்றர். 30 கிலோமீற்றர் உயர மலை தேவையே இல்லை. கீழிருந்து எழும்பி வந்துகொண்டே இருந்த பாறையைத்தான் மழை அரித்துக்கொண்டே இருந்தது.

மலையகத்தின் மையப்பகுதியில் இன்று புவியோட்டின் தடிப்பு 38 முதல் 40 கிலோமீற்றர். மேற்குக் கரையில் 30 முதல் 35. நிலநடுக்க அலைகளை அளந்து கண்டவை இவை. 38 உடன் நீங்கிப்போன 30ஐக் கூட்டினால் 68 வருகிறது. இது தோராயமான கூட்டல்தான், ஆனால் இன்றைய இமயத்தின் ஓட்டுத் தடிப்பும் ஏறத்தாழ அதேதான்.

கழுவிச் சென்றதில் ஒரு பகுதி மனிதக் கைகளுக்கும் வந்திருக்கிறது. நீலக்கல், புஷ்பராகம் போன்ற மணிகள் அந்த ஆழத்து வெப்பத்தில் விளைந்தவை. மலை அரிந்தபோது இலேசான கனிமங்களை ஆறு தூரக் கொண்டுபோயிற்று. கனமான மணிகள் பள்ளத்தாக்குகளின் சரளைக்குள் தங்கின. இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்கள் தேடும் இல்லம் என்ற சரளைப்படை அதுதான்.

இரயிலில் ஏறும் மூன்று படிகள்

இனி உயரத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் இரயில் றம்புக்கனை வரை ஏறத்தாழத் தட்டையான நிலத்தில் ஓடுகிறது. அங்கிருந்து கடுகண்ணாவைக்குச் செங்குத்தாக ஏறி, 500 மீற்றர் அளவில் உள்ள கண்டிப் பீடபூமியை அடைகிறது. நாவலப்பிட்டிக்குப் பிறகு மீண்டும் ஏற்றம். அட்டன் 1,260 மீற்றர் அளவில், நானுஓயா 1,600க்கும் மேல், பட்டிப்பொல ஏறத்தாழ 1,900. இலங்கையின் தரைத்தோற்றம் மூன்று படிகளாக அமைந்திருப்பதை இந்தப் பயணத்தில் எவரும் உணரலாம். கீழ்ப்படி ஏறத்தாழ 120 மீற்றர் வரை, நடுப்படி 300 முதல் 750 வரை, மேற்படி 1,500க்கு மேல்.

1929இல் கனேடியப் புவியியலாளர் பிராங்க் டோசன் அடம்ஸ் இவற்றை மூன்று அரிப்புச் சமவெளிகள் என்று விளக்கினார். நிலம் இடைவிட்டு இடைவிட்டு எழும்பியது, ஒவ்வோர் இடைவெளியிலும் ஆறுகள் அதைச் சமப்படுத்தின என்பது அவர் கருத்து. 1940களில் இலங்கையில் பணியாற்றிய டி. என். வாடியா, நடுத்துண்டுகள் பெரும் பிளவுகளின் வழியே பிண்டங்களாக உயர்த்தப்பட்டவை என்றார். அவர் சொன்னபடி பார்த்தால் மலையகம் பிண்ட மலை. பின்வந்தவர்கள் இரண்டையும் கேள்விக்குட்படுத்தினார்கள். படிகளின் விளிம்பு எல்லா இடத்திலும் பிளவோடு ஒத்துப்போகவில்லை. கடினமான சார்ணோக்கைற்று, குவார்ட்சைற்றுப் பட்டைகள் விளிம்பாக நிற்க, மென்மையான பட்டைகள் அரிந்து இறங்கியிருப்பதும் தெரிகிறது.

எங்கள் கணிப்பில் மூன்று காரணங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுவானா உடைந்து அந்தாட்டிக்கா விலகத் தொடங்கியபோது இலங்கையைச் சுற்றிப் புதிய கரைகள் பிறந்தன. ஆறுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கடல் மட்டம் கிடைத்தது. அவை கரையிலிருந்து உள்நோக்கி அரித்துக்கொண்டு வந்தன. நடுவில் தடித்த ஓடும் கடினமான கல்லும் இருந்த பகுதி எஞ்சி நின்றது. சுற்றிலும் சுமை குறையக் குறைய அதுவும் மிதந்து எழும்பியது. ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்று பெயர்பெற்ற விளிம்பில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் சரிவதும், 263 மீற்றர் உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியும் 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியும் அதே தெற்கு விளிம்பில் விழுவதும் இந்த அரிப்பின் முன்வரிசை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டுகின்றன.

ஆகவே பள்ளிக்கூடப் பெயர்களில் விடை எழுத வேண்டுமானால், பாறையின் அமைப்பில் பழைய மடிப்பு மலை, இன்றைய தோற்றத்தில் எஞ்சிய மலை என்று இரண்டையும் எழுதுங்கள்.

அடிக்கடி வரும் தவறுகள் மூன்றைச் சொல்லிவிடலாம். கன்னியா, மகாஓயா, மகாபெலஸ்ஸ வெந்நீரூற்றுகளைக் காட்டி இலங்கையில் எரிமலை இருந்தது என்பார்கள். மழைநீர் பிளவுகள் வழியே ஆழத்துக்குப் போய், அங்குள்ள இயல்பான வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது. கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை கூடுவதால், அதற்கு எரிமலை தேவையில்லை. சிவனொளிபாதமலையின் கூம்பு வடிவமும் அரிப்பால் வந்தது. 2,243 மீற்றரில் உள்ள அந்த உச்சியும் இதே வகை உருமாறிய பாறைதான்.

இரண்டாவது, இமயத்தை உயர்த்தும் அதே தள்ளல்தான் நம் மலைகளையும் உயர்த்தியது என்ற எண்ணம். அந்த அழுத்தம் தெற்கு வரை உணரப்படுவது உண்மை, இலங்கைக்குத் தெற்கே சமுத்திரத் தளம்கூட அதனால் வளைந்திருக்கிறது. ஆனால் மலையகக் கல்லின் மடிப்புகள் அந்த மோதலுக்கு 50 கோடி ஆண்டுகள் முந்தியவை.

மூன்றாவது, இலங்கை தகட்டின் நடுவில் இருப்பதால் இங்கே நிலம் அசையவே அசையாது என்பது. 2004 டிசம்பர் 26இல் சுனாமியை எழுப்பிய 9.1 அளவு நிலநடுக்கம் தகட்டு எல்லையில், 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால் நடந்தது. அப்படிப்பட்ட எல்லை நமக்கு அருகில் இல்லை. ஆனால் பழைய பிளவுகள் இருக்கின்றன. 2020 ஓகஸ்ட் இறுதியிலிருந்து கண்டிக்கு அருகே திகனப் பகுதியில் சிறு நடுக்கங்கள் பல முறை உணரப்பட்டன.

மடிப்பை நீங்களே அளக்கலாம்

ஒரு பாகைமானி, ஒரு முழம் நூல், நூலில் கட்ட ஓர் இரும்பு நட், கைத்தொலைபேசியின் திசைகாட்டி, ஒரு போத்தல் தண்ணீர். இவை போதும். பாகைமானியின் நேர்விளிம்பின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

பட்டைகள் தெரியும் ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, பட்டைக்கு இணையான ஒரு முகத்தில் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். அது ஓடும் திசைதான் சாய்வுத் திசை. திசைகாட்டியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பாகைமானியின் வளைந்த விளிம்பு கீழே இருக்க, நேர்விளிம்பைத் தண்ணீர் ஓடிய கோட்டுக்கு இணையாகப் பிடியுங்கள். கிடையான பாறையில் நூல் 90இல் தொங்கும். 55இல் தொங்கினால் சாய்வு 35 பாகை. ஒரே இடத்தில் ஐந்து முறையாவது அளந்து நடுத்தரமானதை எடுங்கள். பிறகு பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் போய் அளங்கள். இரு பக்கப் பட்டைகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் நடுவில் கீழ்மடிப்பு, எதிர்ப்புறமாகச் சாய்ந்தால் மேல்மடிப்பு. கீழ்மடிப்பு இருக்கும் இடத்தில் பள்ளம்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மேல்மடிப்பின் உச்சி விரிசல் விட்டு முதலில் அரிந்துவிடுவதால், பல இடங்களில் பள்ளத்தாக்கு அங்கேதான் விழும்.

அளவு தவறுவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள். பெயர்ந்து உருண்டுவந்த கல்லை நிலைப்பாறை என்று அளப்பது முதல் காரணம். அடிப்பக்கம் மண்ணுக்குள் தொடர்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, சரிவின் மேற்பரப்புக்கு அருகே உக்கிய பாறை மண்ணோடு சேர்ந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு சரிவினுடையது, மடிப்பினுடையது அல்ல. ஒரு மீற்றராவது உள்ளே வெட்டப்பட்ட முகத்தில் அளப்பது நல்லது. மூன்றாவது, பாறையில் நேராக ஓடும் வெடிப்பைப் பட்டை என்று நினைத்துவிடுவது. பட்டையில் கனிமம் மாறும், வெடிப்பின் இரு பக்கமும் ஒரே கனிமம்தான் இருக்கும். நான்காவது, இரும்பு வேலிக்கும் வாகனத்துக்கும் அருகில் திசைகாட்டி பிசகும். மழை நாட்களில் வீதி வெட்டுமுகத்தின் அடியில் நின்று இதைச் செய்யவே வேண்டாம்.

இந்தச் சாய்வு அளவுக்கு நடைமுறைப் பயன் உண்டு. பட்டைகள் மலைச்சரிவு இறங்கும் பக்கமாகவே சாய்ந்திருந்தால், மண்ணும் உக்கிய பாறையும் அந்தப் பட்டை முகத்தில் வழுக்கி இறங்கும் ஆபத்து அதிகம். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் கல் பெயர்ந்து விழலாம், ஆனால் பெரும் மண்சரிவு குறைவு. சமனலவாவி அணைக்கட்டில் 1992இல் வலது கரை வழியே பெருங்கசிவு ஏற்பட்டதும் பாறை வகை சார்ந்த சிக்கல்தான். நீரில் கரையும் பளிங்குப் பாறை அங்கே குகைகளும் ஓட்டைகளுமாக இருந்தது.

மலை தாழும் வேகம்

காடு மூடிய மலையகச் சரிவுகளில் இயற்கையான அரிப்பை ஆறுகளின் மணலில் விண்வெளிக் கதிர்களால் உண்டான அரிய அணுக்களைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். 1,000 ஆண்டுகளுக்குச் சில மில்லிமீற்றர்தான், 10 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டுவதே அதிகம். இவ்வளவு மழை பெய்யும் செங்குத்தான நாட்டில் இது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. பழைய, குளிர்ந்த, இறுகிய ஓட்டின் குணம் அது. நிறைக் கணக்கில் சதுர கிலோமீற்றருக்கு ஆண்டுக்கு 13 முதல் 30 தொன் மண். பயிர்ச்செய்கைக்காகக் காடு நீக்கப்பட்ட மேல் மகாவலிப் பகுதிகளில் இது 130 முதல் 2,100 தொன் வரை போயிருக்கிறது. மடிப்பு, பிளவு, மிதப்பு எல்லாம் கோடி ஆண்டுக் கணக்கு. இந்த மாற்றத்துக்கு இரு நூற்றாண்டுகளே போதுமாக இருந்தன. தோட்டங்களில் நீர் வடியக் கான் வெட்டி, சரிவுக்குக் குறுக்கே கல்லணை கட்டி, வெறும் மண் தெரியாமல் மூடுபயிர் போடுவதெல்லாம் இந்த எண்ணைக் கீழே கொண்டுவரும் வேலைகள்.

அரிப்பு எப்போதும் மெல்ல வருவதில்லை. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் புதைந்தபோது, இயற்கை வேகத்தில் பல இலட்சம் ஆண்டுகள் எடுத்திருக்கும் அரிப்பு ஒரே காலையில் இறங்கியது. உக்கிய மண் பல மீற்றர் தடிப்பில் கடினப் பாறையின் மேல் கிடக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை முகத்தில் தடைப்படுகிறது. அங்கே நீரமுக்கம் கூடும்போது மண்ணின் பிடிப்பு விடுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்துப் படிநிலையாக எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால் உடனே வெளியேற்றம்.

மழையை வீட்டிலேயே அளக்கலாம். நேரான சுவருள்ள இரண்டு லீற்றர் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் வைத்துவிடுங்கள். அடியில் வளைந்த பகுதியைக் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி நிரப்பி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். அங்கிருந்து மேலே அளவுகோலால் மில்லிமீற்றர் கோடுகள். கூரைத் தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் எட்டாத வெட்டவெளியில், விழாதபடி கல் அண்டக்கொடுத்து வையுங்கள். வாய் அகன்று அடி குறுகிய பாத்திரத்தில் அளந்தால் எண் கூடிக் காட்டும், அது பயன்படாது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டுப் பூச்சியம் வரை ஊற்றிவிடுங்கள்.

75க்கு வருவதற்கு முன்னரே சரிவு சில அறிகுறிகளைக் காட்டக்கூடும். மேட்டுப் பக்கம் பிறை வடிவில் நிலம் வெடிக்கும். மரமும் மின்கம்பமும் சாயும். கதவு, யன்னல் திடீரென்று இறுகும். வழக்கமான ஊற்று வற்றும், அல்லது இல்லாத இடத்தில் கலங்கல் நீர் பொங்கும். இவற்றில் எது தெரிந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வீட்டாரை அழைத்துக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்கள். சரிவின் கீழ்ப்பக்கமாக ஓடக் கூடாது, அதுதான் மண் வரும் வழி. விலகிய பின் கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.